இக்னிஷன் காயில் உண்மையிலேயே கெட்டுவிட்டதா? வீட்டிலேயே சோதித்து உறுதிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டி நிற்கும்போது நடுங்குகிறது. ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது. டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது. இந்த மூன்றையும் சொன்னால் போதும், "காயில் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்று சொல்ல உடனே ஓர் ஆள் கிடைத்துவிடுவார். அந்தப் பேச்சை நம்பி நானும் ஒருமுறை புதுக் காயில் வாங்கி மாட்டினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். காயில் பாவம், அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அதன் பிறகு சோதனைக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். காயிலைச் சோதிப்பது என்றாலே மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்துத் தொடங்குவதுதான் வழக்கம். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். காரணத்தை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டீசல் என்ஜினில் இக்னிஷன் காயிலே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதில் இருக்கும் குளோ பிளக் வேறு பொருள், அதன் சோதனையும் வேறு.

காயில் செய்யும் வேலை

பாட்டரி தருவது 12 வோல்ட். பிளக் முனையில் தீப்பொறி பாய 20,000 முதல் 40,000 வோல்ட் வரை தேவைப்படலாம். இடையிலுள்ள தூரத்தைக் கடக்க வைப்பதுதான் காயில். உள்ளே ஓர் இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும்: தடித்த கம்பியில் நூறு, இருநூறு சுற்று கொண்ட முதன்மைச் சுருள், மயிரிழை போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்று கொண்ட துணைச் சுருள். முதன்மைச் சுருளில் சில மில்லிநொடிகள் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகும். பிறகு அந்த ஓட்டம் சட்டென்று வெட்டப்படும். தீப்பொறி பிறப்பது ஓட்டம் தொடங்கும்போது அல்ல, அறுபடும்போது. காந்தப்புலம் சரியும் அந்தக் கணத்தில் முதன்மைச் சுருளிலேயே 300, 400 வோல்ட் எழும். துணைச் சுருளில் அது ஏறத்தாழ நூறு மடங்காகப் பெருகும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை. 1836இல் அயர்லாந்தின் மேனூத்தில் நிக்கோலஸ் கேலன் செய்த தூண்டல் சுருளைத்தான் சற்றே நவீனமாக்கி இன்றைக்கும் பானெட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

இதில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று. காயில் தானாக இத்தனை வோல்ட் என்று முடிவுசெய்வதில்லை. பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு தேவையோ அதுவரை வோல்ட்டேஜ் ஏறும். தீப்பொறி பாய்ந்ததும் இறங்கிவிடும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றால் ஒவ்வொரு முறையும் காயில் அதிகமாக ஏற வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் அழுத்தம் உள் காப்பை மெல்ல மெல்லத் தின்றுவிடும். காயில் சாவதற்குப் பல நேரம் பிளக்தான் காரணம்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

சோதனை முறை வகைக்கு வகை மாறும் என்பதால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய வண்டிகளில் உருளை வடிவக் காயில் ஒன்றே ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு தடித்த வயர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி வயர். இந்தக் காயில் செத்தால் வண்டியே நிற்கும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கிறது (எரியத் தவறுகிறது) என்றால் இந்த வகையில் காயிலைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை.

இரண்டாவது, ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் தீப்பொறி தரும் வகை. நான்கு சிலிண்டர் என்ஜினில் 1-4 ஒரு ஜோடி, 2-3 இன்னொரு ஜோடி என்று இருப்பது வழக்கம். ஜோடியில் ஒன்று அழுத்தத்தின் முடிவில் இருக்கும்போது மற்றது புகை வெளியேற்றத்தில் இருக்கும். அந்தப் பக்கம் பாயும் தீப்பொறி வீண்.

மூன்றாவது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் நேராக உட்காரும் தனிக் காயில். இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இதுதான். இதன் கனெக்டரில் எத்தனை முனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு முனை என்றால், ஓட்டத்தை வெட்டும் டிரான்சிஸ்டர் என்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. காயிலில் வெறும் சுருள்தான். மூன்று முனை என்றால் டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருப்பது வழக்கம்: ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று கம்ப்யூட்டர் தரும் கட்டளை. நான்கு முனை என்றால் கூடுதலாக, "தீப்பொறி கொடுத்துவிட்டேன்" என்று கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லும் வயர் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

கையை வைக்கும் முன்

இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. என்ஜின் ஓடும்போது பக்கத்தில் நிற்கவும் கூடாது. மற்றவர்களும் ஓடும் என்ஜினில் காயிலையோ பிளக் வயரையோ கையால் பிடித்து இழுக்க வேண்டாம். பழைய மெக்கானிக்குகள் வெறுங்கையால் வயரைக் கழற்றிக் காட்டிய காலம் ஒன்று உண்டு. அன்றைய காயிலின் ஆற்றல் வேறு, இன்றையது வேறு. மோதிரம், சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை எந்தத் தீப்பொறிச் சோதனையும் வேண்டாம். என்ஜின் ஆறியிருக்கட்டும், சூடான அலுமினியத் தலையிலிருந்து பிளக் கழற்றினால் மரை உரிந்துகொண்டு வரும் ஆபத்து உண்டு.

கருவிகள் அதிகம் வேண்டாம். என்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று (செல்பேசியோடு இணையும் மலிவான வகையே போதும்), டிஜிட்டல் மல்டிமீட்டர், சாக்கெட் ஸ்பேனர், பிளக் சாக்கெட், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், டார்ச், இரண்டு வயர் இணைத்த 12 வோல்ட் 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்று. அந்தப் பல்பின் பெருமை பின்னால் தெரியும்.

ஸ்கேனர் உண்மையில் என்ன சொல்கிறது

ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டைத்தான் இங்கே 'கோடு' என்கிறேன். பி0300 (P0300) என்றால் மிஸ்ஃபயர், அதாவது எரியத் தவறுவது, குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் இல்லை, மாறி மாறி வருகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0351 முதல் தொடங்கும் வரிசை வேறு: அது அந்தந்தக் காயிலின் மின்சுற்றில் கோளாறு என்கிறது.

இந்த இரண்டு குடும்பங்களையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாமல் காயில் வாங்குகிறார்கள். பி0303 வந்தால் "மூன்றாவது காயில் கெட்டுவிட்டது" என்று பொருளல்ல. கம்ப்யூட்டருக்குக் காயில் தெரியாது, பிளக் தெரியாது. கிராங்க் தண்டு சுற்றும் வேகத்தை அது பல் பல்லாக அளந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் தண்டு ஒரு துளி வேகமெடுக்க வேண்டும். மூன்றாவதின் முறை வரும்போது அந்த வேகம் வரவில்லை என்றால் மூன்றில் எரியவில்லை என்று குறித்துக்கொள்கிறது. ஏன் எரியவில்லை என்பது அதற்குத் தெரியாது: தீப்பொறி இல்லாமலிருக்கலாம், பெட்ரோல் வராமலிருக்கலாம், வால்வு கசிந்து அழுத்தம் போயிருக்கலாம். பி0353 வந்தால் மட்டுமே சந்தேகம் நேராகக் காயில், அதன் கனெக்டர், அதன் வயர் என்ற வட்டத்துக்குள் சுருங்கும்.

ஸ்கேனரில் பிழைக் கோடை அழிப்பதற்கு முன் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' விவரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் எத்தனை சுற்றில் இருந்தது, பாரம் எவ்வளவு, குளிர்நீரின் வெப்பம் என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். பாரம் ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறதா, குளிர்ந்த நிலையில் மட்டுமா என்பது பிறகு பெரிதும் உதவும். அழித்துவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். ஒரு காயிலில் முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

கண்ணுக்குத் தெரிபவை

சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். பிளக் குழியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதித் தள்ளுங்கள். இல்லையென்றால் பிளக் கழற்றும்போது எல்லாம் சிலிண்டருக்குள் விழும். கனெக்டரின் பூட்டைப் பார்த்துக் கழற்றுங்கள். பல வண்டிகளில் முதலில் ஒரு சிறு பூட்டைப் பின்னால் நகர்த்தி, பிறகு நாக்கை அழுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் பிஸ்கட் போல உடையும், அவசரம் காட்டாதீர்கள். போல்ட்டைக் கழற்றிய பின் காயிலை நேராக இழுக்காமல், இடமும் வலமுமாகச் சற்றுத் திருகி, ரப்பர் விடுபட்டதும் மேலே தூக்குங்கள்.

குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் கேஸ்கெட்டோ பிளக் குழியைச் சுற்றிய சீலோ கசிகிறது. எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பிப்போய்க் காப்புத் தன்மையை இழக்கும். கசிவை அடைக்காமல் புதுக் காயில் போட்டால் அதற்கும் அதே கதிதான். தண்ணீர் இருந்தால், கடைசியாக என்ஜினைக் கழுவியது எப்போது என்று யோசியுங்கள். துடைத்து உலர்த்தியதும் கோளாறே மறைந்துவிடலாம்.

காயிலின் ரப்பர் குழலின் உட்புறத்திலும் பிளக்கின் பீங்கானிலும் நீளவாக்கில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா என்று நிதானமாகத் தேடுங்கள். பென்சிலால் கிறுக்கியது போல இருக்கும். மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் எர்த்துக்கு ஓடிய வழி அது. கார்பன் படிந்துவிட்டால் அடுத்தடுத்த தீப்பொறிகளும் அதே வழியில்தான் போகும், துடைத்தாலும் தங்காது. பிளக்கை மட்டும் மாற்றி ரப்பரை விட்டாலோ, ரப்பரை மாற்றிப் பிளக்கை விட்டாலோ, பழையது புதியதையும் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். குழலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா, காயிலின் பிசின் உடல் வெடித்து உப்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிளக்கின் இடைவெளியையும் அளந்துவிடுங்கள், 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை என்பது பொதுவான வரம்பு, சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இடம் மாற்றிப் பார்த்தல்

எல்லாச் சோதனைகளிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஸ்கேனரைத் தவிர வேறு சோதனைக் கருவி வேண்டாம், காயில் வேலை செய்ய வேண்டிய உண்மையான இடத்தில், உண்மையான சூட்டிலும் அழுத்தத்திலும் அதைச் சோதிக்கிறோம்.

மூன்றாவது சிலிண்டரில் மிஸ் என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் காயிலை எடுத்து இரண்டில் மாட்டுங்கள். இரண்டினுடையதை மூன்றில் மாட்டுங்கள். முன்னதாக இரண்டின் மேலும் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே மாதிரி இருக்கும், பத்து நிமிடத்தில் எது எதென்று மறந்துபோகும். பிளக்குகளை இப்போது தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் விடை கிடைக்காது. பாட்டரியை இணைத்து, கோடை அழித்துவிட்டு, முன்பு எந்த நிலையில் மிஸ் அடித்ததோ அதே நிலைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ஏற்றத்தில் அடித்தது என்றால் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாசலில் நிறுத்திவைத்துச் சோதித்துப் பயனில்லை.

கோடு பி0302 ஆக மாறி வந்தால் காயில்தான் குற்றவாளி. வேறு சாட்சி தேவையில்லை.

பி0303 ஆகவே நின்றால் காயில் தப்பிவிட்டது. அடுத்து அதே முறையில் பிளக்குகளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வயரிங், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டர் அழுத்தம் என்று பார்வையைத் திருப்ப வேண்டும்.

மூன்றாவதாக ஒரு விடை உண்டு; அதுதான் ஆளைக் குழப்பும். எந்தக் கோடும் திரும்பி வராது, வண்டி நன்றாக ஓடும். மாயமில்லை: கனெக்டரைக் கழற்றி மாட்டியபோது முனைகளில் படிந்திருந்த பச்சைப் பாசியோ துருவோ உரசித் தேய்ந்து, தொடர்பு மீண்டிருக்கிறது. சில வாரங்களில் திரும்ப வரும். கனெக்டரின் உலோக முனைகள் அகன்று தளர்ந்திருக்கின்றனவா, பூட்டு முழுதாக விழுகிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஜோடிக் காயில் உள்ள வண்டியில் இன்னொரு நுட்பம் செய்யலாம். 1-ம் 4-ம் ஒரே நேரத்தில்தான் பாய்கின்றன என்பதால், காயில் பக்கத்தில் அந்த இரண்டு வயர்களையும் மாற்றி மாட்டினாலும் என்ஜினுக்கு எதுவும் ஆகாது (வயர் நீளம் எட்ட வேண்டும், அவ்வளவுதான்). முதல் சிலிண்டரின் மிஸ் நான்குக்குப் போனால் காயிலின் அந்த முனை கெட்டிருக்கிறது. முதல் சிலிண்டரிலேயே நின்றால் வயரையோ பிளக்கையோ பாருங்கள். 1-ம் 4-ம் இரண்டுமே மிஸ் அடித்தால் சந்தேகம் முழுக்கக் காயில் மேலேயும் அதன் மின்சுற்றின் மேலேயும்தான். 1-ஐயும் 2-ஐயும் மட்டும் மாற்றிவிடாதீர்கள். நேரம் தவறிய தீப்பொறி இன்லெட் பக்கம் வெடிக்கும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள், என்ஜினை நிறுத்தி ஒரு காயிலின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்கலாம். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் நடுக்கம் கூடும். ஏற்கெனவே செத்த சிலிண்டரைக் கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பத்து நொடிக்கு மேல் ஓடவிடாதீர்கள், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டர் கனெக்டர் கைக்கு எட்டினால் காயிலுக்குப் பதில் அதைக் கழற்றுவது மேல், பெட்ரோலே வராது.

கனெக்டருக்கு மின்சாரம் வருகிறதா?

காயில் நல்லதுதான், ஆனால் அதற்குச் சோறு வரவில்லை என்றால்? சாவியைப் போட்டு, கழற்றிய கனெக்டரில் 12 வோல்ட் முனையை மல்டிமீட்டரால் பாருங்கள். பாட்டரியில் இருப்பதே ஏறத்தாழ இங்கும் தெரிய வேண்டும். சில வண்டிகளில் என்ஜின் சுற்றவில்லை என்றால் ஓரிரு நொடியில் ரிலே மின்சாரத்தை நிறுத்திவிடும். எனவே பூஜ்யம் காட்டியதும் பதறாமல், ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். எல்லாக் காயிலுக்கும் வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே. ஒன்றுக்கு மட்டும் வரவில்லை என்றால் அந்தக் கிளை வயர்.

மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியதும் திருப்தியடைந்துவிடாதீர்கள். வயருக்குள் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 தான் காட்டும். அது கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. காயில் கேட்பதோ பல ஆம்பியர். இங்கேதான் 21 வாட் பல்பு வேண்டும். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். கனெக்டரின் 12 வோல்ட் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே பிடித்தால் பிரகாசமாக எரிய வேண்டும். மங்கினால் ஒரு வயர் நொண்டுகிறது. பல்பின் எர்த் பக்க வயரை பாட்டரியின் எதிர்முனைக்கு மாற்றிப் பாருங்கள்: அப்போது பிரகாசமானால் பழுது எர்த் வயரில். இரண்டு முனைக் காயிலின் கனெக்டரில் எர்த் இருக்காது. அங்கே பல்பை 12 வோல்ட் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மட்டும் பிடியுங்கள். கட்டளை வயரில் எக்காரணம் கொண்டும் பல்பை வைக்காதீர்கள். கம்ப்யூட்டரின் உள் டிரான்சிஸ்டர் அத்தனை பாரத்தைத் தாங்காது.

கட்டளை வருகிறதா என்று பார்க்க மல்டிமீட்டரின் ஹெர்ட்ஸ் அளவு உதவும். கனெக்டர் மாட்டிய நிலையிலேயே, அதன் பின்புறமாக மெல்லிய குண்டூசியை வயர் ஓரமாகச் செருகி அளக்க வேண்டும். இது மூன்று, நான்கு முனைக் காயிலுக்கு மட்டும். இரண்டு முனை வகையில் அந்த வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும். கணக்கு எளிது: என்ஜின் நிமிடத்துக்கு 720 சுற்றில் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால் நிமிடத்துக்கு 360 கட்டளை, நொடிக்கு 6. மீட்டர் 6 ஹெர்ட்ஸ் அளவில் நிற்க வேண்டும். சில என்ஜின்கள் குறைந்த வேகத்தில் அடுத்தடுத்துப் பல தீப்பொறி தருவதால் எண் கூடலாம். பக்கத்துக் காயிலோடு ஒப்பிட்டால் தெளிவாகிவிடும். மின்சாரமும் எர்த்தும் கட்டளையும் மூன்றும் சரியாக இருந்தும் தீப்பொறி இல்லை என்றால் காயில் செத்துவிட்டது.

தீப்பொறியைக் கண்ணால் பார்ப்பது

பிளக்கைக் கழற்றிக் காயிலில் மாட்டி, என்ஜின் உலோகத்தில் சாய்த்து ஸ்டார்ட்டர் அடித்துப் பார்ப்பது காலம் காலமாக வரும் வழக்கம். "தீப்பொறி வருகிறதே, காயில் நன்றாகத்தான் இருக்கிறது" என்று இதை வைத்து முடிவுகட்டுவது தவறு. மின்சாரம் ஓர் இடைவெளியைத் தாண்டத் தேவையான வோல்ட்டேஜ், அந்த இடத்திலுள்ள வாயுவின் அழுத்தத்தோடு கூடும். ஃபிரெட்ரிக் பாஷன் 1889இல் வகுத்த விதி இது. திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது விளையாட்டு. சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறியிருக்கும்போது அதே ஒரு மில்லிமீட்டர் மலையாகிவிடும். பாதி செத்த காயிலும் வெளியே அழகாகத் தீப்பொறி காட்டும்.

அதனால்தான் ஸ்பார்க் டெஸ்டர். அதன் அகன்ற இடைவெளி, சிலிண்டரின் அழுத்தத்துக்கு ஈடான சிரமத்தை வெளியிலேயே உண்டாக்குகிறது. பிளக் சிலிண்டரிலேயே இருக்கட்டும். குழி திறந்து கிடக்காது. முதலில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். முடிந்தால் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றுங்கள். காயிலின் வாயில் டெஸ்டரைப் பொருத்தி, கிளிப்பை வண்ணம் இல்லாத என்ஜின் உலோகத்தில் கவ்விவிடுங்கள். கை எடுத்த பின் உதவியாளர் மூன்று நொடி ஸ்டார்ட்டர் அடிக்கட்டும். 'பட், பட்' என்று வெடிப்புச் சத்தத்தோடு நீலம் கலந்த வெள்ளையில் ஒழுங்காகப் பாய வேண்டும். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ நூல் போலத் தெரிந்தால், இடையிடையே தவறினால், நல்ல சிலிண்டரின் காயிலை அதே இடைவெளியில் வைத்து ஒப்பிடுங்கள். நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். எவ்வளவு அகன்ற இடைவெளிவரை தவறாமல் தாண்டுகிறது என்பதே அளவுகோல்.

டெஸ்டரும் இல்லாமல் பிளக்கும் இல்லாமல் காயிலை வெறுமனே தொங்கவிட்டு ஸ்டார்ட்டர் அடிக்கக் கூடாது. போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள் காப்பைத் துளைத்துக்கொண்டு வழி தேடும். சோதனைக்கு முன் நல்லதாக இருந்த காயில் சோதனையிலேயே சாகும். பாட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துக் காயிலின் முனைகளில் தட்டித் தட்டித் தீப்பொறி வரவழைக்கும் வித்தையையும் விட்டுவிடுங்கள். உள்ளே டிரான்சிஸ்டர் உள்ள காயிலுக்கு அது நஞ்சு.

கடைசியாக ஓம்

இப்போது மல்டிமீட்டர். காயில் அறை வெப்பத்துக்கு ஆறியிருக்க வேண்டும். முதலில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் 0.2 அல்லது 0.3 ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சுருளின் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். அளக்கப்போவதே ஓர் ஓம் என்னும்போது இந்தச் சில்லறை பெரிய பிழை.

உள்ளே டிரான்சிஸ்டர் இல்லாத காயிலில் முதன்மைச் சுருள் பொதுவாக 0.4 முதல் 2 ஓம். பழைய உருளைக் காயிலில் 3 வரை போகலாம். மைய முனைக்கும் முதன்மை முனைக்கும் இடையே அளக்கும் துணைச் சுருள் பெரும்பாலும் 6,000 முதல் 15,000 ஓம். ஜோடிக் காயிலில் இரண்டு உயரழுத்த முனைகளுக்கும் நடுவே அளக்க வேண்டும். உங்கள் காயிலுக்கான எண் கையேட்டில்தான் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் நான்கு காயில்களையும் அளந்து, ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். எல்லையில்லா ஓம் என்றால் கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் என்றால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

மூன்று, நான்கு முனைக் காயில்களில் இந்த அளவு பெரும்பாலும் அர்த்தமற்றது. முதன்மைச் சுருளுக்கு முன்னால் மின்னணுச் சுற்று நிற்கிறது. துணைச் சுருளின் வழியிலும் பல தயாரிப்பாளர்கள் டையோடு வைத்திருக்கிறார்கள். நல்ல காயிலே அறுந்தது போலக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பொருளைக் குப்பையில் போட்டவர்கள் நிறைய.

ஓமைக் கடைசியில் வைத்த காரணத்துக்கு வருகிறேன். மல்டிமீட்டர் ஓம் அளக்கச் செலுத்துவது ஓரிரு வோல்ட். காயிலின் காப்பு உடைவது இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டில். காற்றடிக்காத டியூபைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டை தேடினால் கிடைக்குமா? அதே கதைதான். வெறும் சுருள் மட்டுமே உள்ள காயிலில் மோசமான அளவு வந்தால் அது கெட்டது என்று நம்பலாம்; நல்ல அளவு வந்தால் அது எதையுமே நிரூபிக்கவில்லை.

சூட்டில் மட்டும் வரும் கோளாறு

காலையில் நன்றாக ஓடி, அரைமணி நேரம் கழித்து மிஸ் அடிக்கும் வண்டிகள் உண்டு. காயிலின் பிசினும் செம்பும் வேறு வேறு அளவில் விரிவதால், குளிரில் ஒட்டியிருந்த வெடிப்பு சூட்டில் திறக்கிறது. சந்தேகப்படும் காயிலை ஹேர் டிரையரால் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, உடனே ஸ்பார்க் டெஸ்டரில் சோதியுங்கள். ஓம் அளப்பதானால் ஒரு கணக்கை மறக்காதீர்கள்: செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 10,000 ஓம் காட்டிய சுருள் 90 டிகிரியில் 12,700 காட்டினால் அது இயற்கை, கோளாறு அல்ல. ஒரேயடியாக எல்லையில்லா ஓமுக்குத் தாவினால்தான் கோளாறு.

மாற்றுவது என்று முடிவானால்

ஒன்று கெட்டால் நான்கையும் மாற்ற வேண்டுமா? இடம் மாற்றிப் பார்த்ததில் ஒன்றுதான் சிக்கியது, மற்றவற்றின் ரப்பர் நன்றாக இருக்கிறது என்றால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் கட்சி. காயிலுக்குக் கை எட்ட இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டிய என்ஜின்கள் சில உண்டு. அங்கே மட்டும், அவ்வளவு பிரித்த பிறகு பழையதைத் திரும்ப மாட்ட எனக்கு மனம் வராது. பிளக்குகள் அவற்றின் ஆயுள் தூரத்தைத் தாண்டியிருந்தால் அவற்றை முழுச் செட்டாக மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிளக்கோடு புதுக் காயிலை மாட்டுவது அதற்கும் அதே சுமையைக் கொடுப்பது.

பிளக்கைக் கையால் திருகித் தொடங்கி, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரப்பர் குழலின் உள் விளிம்பில் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறிது தடவினால் ஈரம் ஏறாது, அடுத்த முறை கழற்றுவதும் எளிது. ஸ்பிரிங்கின் மேல் அப்ப வேண்டாம். காயில் பிளக்கின் மேல் 'டக்' என்று உட்காருவது கைக்குத் தெரியும். போல்ட்டை மென்மையாக இறுக்கினால் போதும், பிளாஸ்டிக் காது உடையக் கூடியது. எடுத்துவைத்த பெட்ரோல் பம்ப் ஃபியூஸைத் திரும்பப் போட மறந்துவிட்டு "வண்டி இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை" என்று தவித்தவர்களில் நானும் ஒருவன்.

கோடை அழித்து, குளிர்ந்த நிலையிலிருந்து முழுச் சூடுவரை ஒருமுறை ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் 'நிலுவை' (pending) கோடுகளையும் பாருங்கள். விளக்கு எரியும் முன்பே மிஸ் அங்கே பதிவாகியிருக்கும். செட்டாக மாற்றியிருந்தால் பழையவற்றில் நல்ல காயில் ஒன்றை டிக்கியில் போட்டுவையுங்கள். கெட்டதன் மேல் மார்க்கரால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, தனியாக எறிந்துவிடுங்கள்.